மாஹியில் மூன்று மணி நேரம்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன மாதம் கண்ணூர் போயிருந்தேன். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் என்னோடு படித்த தோழியின் மகனுக்குக் கல்யாணம். திரும்பி வர இரவு ரயில், கோழிக்கோட்டில் ஏற வேண்டும். மறுநாள் காலையிலேயே பையைத் தூக்கிக்கொண்டு, "நான் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன்" என்று கிளம்பிவிட்டேன். வழியில் மாஹியில் இறங்கப் போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் துணைக்கு ஆள் அனுப்பியிருப்பார்கள். இல்லாவிட்டால், "அந்த ஊருக்கா டீச்சர்?" என்று சிரித்திருப்பார்கள். மதுக்கடைகளுக்குப் பேர்போன ஊர் அல்லவா!

எனக்கு அங்கே வேறு கணக்கு ஒன்று பாக்கி இருந்தது.

1991 என்று நினைக்கிறேன். ஏழாம் வகுப்பு, சமூக அறிவியல். அப்போது பாண்டிச்சேரி என்றுதான் சொல்லுவோம். அதன் நான்கு பகுதிகள்: பாண்டிச்சேரி, காரைக்கால், மாஹி, ஏனாம். கரும்பலகையில் எழுதிப் போட்டேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "ஏனுங்க டீச்சர், மாஹி கேரளாவுக்குள்ள இருக்குதுங்களே, அது எப்படிங்க பாண்டிச்சேரியாகும்?" என்றான். "பிரெஞ்சுக்காரங்க ஆண்ட ஊரு, அதனால" என்றேன். "அவங்கதான் போயிட்டாங்களேங்க. போனதுக்கப்புறம் கேரளாவோட சேர்த்திருக்கலாமில்லீங்க?" என்றான்.

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. வகுப்பே என்னைப் பார்த்தது. "அதிகப்பிரசங்கி! நாலு பகுதியையும் அம்பது தடவை எழுதிட்டு வா" என்றேன். மறுநாள் எழுதிக்கொண்டு வந்தான். எழுத்து முத்து முத்தாக இருந்தது. அந்த வருஷம் முடிகிறவரை அவன் என்னிடம் வேறு கேள்வி எதுவும் கேட்கவில்லை.

சரி, ஊருக்கு வருவோம்.

தலச்சேரி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மய்யழி ஆற்றுப் பாலம். பாலத்துக்கு இந்தப் பக்கம் கேரளம். பாலம் தாண்டினால் மாஹி. "எவிடேக்கா அம்மே?" என்று கண்டக்டர் கேட்டார். மாஹி என்றதும் ஒரு முறைக்கு இருமுறை பார்த்தார். என்னோடு இறங்கிய நாலைந்து பேரும் ஆண்கள். காலிப் பையோடு வந்தவர்கள், நேராகக் கடைகளுக்குள் போய்விட்டார்கள். நான் மட்டும் சாலையோரம் நின்றேன். இந்த வயதில் இது தேவையா என்று ஒரு நிமிடம் தோன்றியது உண்மை.

நடக்க ஆரம்பித்ததும் சரியாகிவிட்டது. சாலையை ஒட்டியே புனித தெரசா தேவாலயம். அக்டோபரில் அங்கே பெரிய திருவிழா. ஆறு கடலில் கலக்கும் இடத்தில் தாகூர் பூங்கா. அங்கே பிரெஞ்சுக் குடியரசின் அடையாளமான மரியான் அம்மையின் சிலை. ஆற்றோரமாக நடைபாதை போட்டிருக்கிறார்கள். காற்று அவ்வளவு சுகம். தெருமுனையில் நின்ற போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி. புதுச்சேரியில் பார்த்த அதே தொப்பி. வண்டிகளில் பி.ஒய். 03 என்று எண். பேச்சு, கடைப் பலகை, சாப்பாடு எல்லாம் மலையாளம்.

மொத்தமே 9 சதுர கிலோமீட்டர். அதுவும் ஒரே துண்டாக இல்லை. பள்ளூர், பந்தக்கல் போன்ற பகுதிகள் ஆற்றுக்கு வடக்கே இருக்கின்றன. நடுவில் கேரளம் புகுந்து வருகிறது.

ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். கடைக்காரருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். நான் ரிட்டயர்டு டீச்சர் என்று தெரிந்ததும் மேசையை இன்னொரு தடவை துடைத்தார். "எல்லை எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன். சிரித்தார். "பெட்ரோல் பங்கில் கே.எல். வண்டி வரிசையாக நின்றால் அதுவரை மாஹி, டீச்சரே" என்றார். கேரளத்தைவிட இங்கே பெட்ரோல் விலை குறைவு.

பிறகு அவராகவே ஐ.கே. குமாரன் மாஸ்டரைப் பற்றிச் சொன்னார். பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து மாஹியில் போராட்டத்தை நடத்தியவர். மய்யழி காந்தி என்பார்களாம். 1948 அக்டோபரில் மக்கள் ஊரைத் தங்கள் கையில் எடுத்தார்கள். சில நாட்களில் பிரெஞ்சுப் போர்க்கப்பல் வந்து திரும்பப் பிடித்துக்கொண்டது. 1954 ஜூலையில் மறுபடி ஊர்வலம். ஜூலை 16-ல் பிரெஞ்சு நிர்வாகம் ஊரை விட்டுப் போனது. புதுச்சேரிக்கு அது நடந்தது நவம்பர் 1-ல்தான். தன் அப்பா அந்த ஊர்வலத்தில் நடந்ததாகச் சொன்னார். பேச்சில் ஒரு தடவைகூட "மாஸ்டர்" இல்லாமல் அந்தப் பெயரை அவர் சொல்லவில்லை. எனக்கு என்னவோ போல் இருந்தது.

பையன் கேட்ட கேள்வியை அவரிடம் கேட்டேன். "கேரளத்தோடு ஏன் சேரவில்லை?"

"எங்களைக் கேட்காமல் சேர்க்க முடியாது. அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள்" என்றார். "கேட்டால்?" என்றேன். "பெரிய காரியம் என்றால் ஒரு ராத்திரி முழுக்கப் பயணம் செய்து புதுச்சேரி போக வேண்டும், கஷ்டம்தான். ஆனாலும் நான் சம்மதிக்க மாட்டேன்" என்றார். டீக்குக் காசு வாங்க மறுத்தார். மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

ஊருக்கு வந்ததும் மகனிடம் சொல்லி அந்த ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். 1956 மே 28-ல் இந்தியாவும் பிரான்சும் கையெழுத்திட்டது. 1962 ஆகஸ்ட் 16-ல்தான் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுப் பகுதிகளின் தனி நிர்வாக அந்தஸ்து தொடரும், அதில் மாற்றம் செய்வதென்றால் மக்கள் விருப்பத்தை அறிந்த பிறகே செய்ய வேண்டும் என்று அதில் இருக்கிறது. நான்கு ஊர்களும் சேர்ந்தே கைமாறின. அதனால்தான் சேர்ந்தே இருக்கின்றன. இரண்டு வரிப் பதில்தான். அன்றைக்கு, "தெரியலை கண்ணு, பார்த்துச் சொல்றேன்" என்று நான் சொல்லியிருக்கலாம்.

கடைசியாக ஒரு வேடிக்கை. ஆட்டோ பிடித்து மாஹி ரயில் நிலையத்துக்குப் போனேன். பலகையில் மாஹி என்றுதான் இருக்கிறது. ஆனால் நிலையம் இருப்பது அழியூரில், அதாவது கேரளத்தில்! எல்லையைத் தேடிப் போனவள், தாண்டியதே தெரியாமல் தாண்டியிருக்கிறேன். அங்கிருந்து பாசஞ்சர் ரயிலில் கோழிக்கோடு. வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தேன்.

தனியாகப் போனதற்கு வீட்டில் திட்டு கிடைத்தது. அடுத்து ஏனாம் போகலாம் என்றிருக்கிறேன். இது அவர்களுக்கு முன்கூட்டிய தகவல்.

அந்தப் பையனின் பெயர் எனக்கு மறக்கவில்லை. இங்கே போட வேண்டாம் என்று விட்டிருக்கிறேன். அவன் இதைப் பார்க்கிறானா, எங்கே இருக்கிறான் என்று தெரியாது. அந்த வகுப்புக்காரர்கள் யாராவது தொடர்பில் இருந்தால் இதை அவனுக்கு அனுப்புங்கள்.

கண்ணு, நீ கேட்டது நல்ல கேள்வி. எனக்குத்தான் பதில் தெரியவில்லை. அந்த அம்பது தடவைக்காக டீச்சரை மன்னித்துக்கொள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்