மொக்கைக் கத்தி

எர்ணாவூரில் மீன் வெட்டும் பெண்கள் ‘மொக்கை’ என்று சொன்னால் அது சினிமா விமர்சனம் அல்ல. கூர் போன அருவாமணை. அந்தச் சொல்லின் பழைய பொருளே அதுதான்.

கத்திக்கும் உடம்பு உண்டு. வெட்டும் ஓரம் வாய். தடித்த பக்கம் முதுகு. மரப்பிடி பிளக்காமல் இறுக்கும் வளையம் பூண்.

அருவாமணைக்குப் பிடியே கிடையாது. மணையைக் காலால் அழுத்திக்கொண்டு, அசையாமல் நிற்கும் அலகில் மீனைத்தான் தள்ள வேண்டும். இரண்டு கையும் மீனில் இருப்பதால் வழுக்கும் வஞ்சிரம்கூட ஒரே கனத்தில் துண்டு விழும். பெரிய மீனின் தலைக்கு மட்டும் வெட்டுக்கத்தியும் மரக்கட்டையும்.

வாய் மழுங்கினால் அழுத்தித் தள்ள வேண்டிவரும். மீன் வழுக்கும், விரல் மாட்டும். கூரான கத்தியைவிட மொக்கைக் கத்திதான் ஆளைப் பதம் பார்க்கும். கை கிழிந்தால் அன்றைய கூலி போச்சு.

அதனால்தான் தெருவில் ‘சாணை பிடிக்கிறது’ என்ற குரல் கேட்டதும், மீன் வாங்க வந்தவரை நிற்க வைத்துவிட்டு அருவாமணையோடு எழுந்துவிடுகிறார்கள். பொறி பறந்து சக்கரம் நின்றதும் கட்டைவிரலால் வாயைத் தடவிப் பார்ப்பார்கள். குறுக்கே மட்டும், நெடுக்கே ஒருபோதும் இல்லை. விரலில் சுருக்கென்று உரசினால்தான் சாணைக்காரருக்குக் காசு.