பதில் சொல்லாத விளக்கு

வயரிங் கெட்டுப்போனால் வயர்மேனைக் கூப்பிடுவார்கள். வயரிங் நன்றாக இருந்தும் விளக்கு சொல்பேச்சு கேட்காவிட்டால் என்னைக் கூப்பிடுவார்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் தொடங்கி கிள்ளான் வரை கொண்டோக்களிலும் தாமான் வீடுகளிலும் ‘ஸ்மார்ட்’ விளக்குகளைப் பொருத்திக் கொடுப்பது என் தொழில். பிறர் பொருத்திவிட்டுப் போனதைச் சரிசெய்வதில்தான் அதிக நேரம் போகிறது. உறவுக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க என்னால் முடிந்ததே இல்லை. “பல்பு மாத்துறான்” என்று அத்தை ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார்.

இந்தத் தொழிலில் அதிகம் புழங்கும் சொல் ‘சீன்’. ‘படம் பார்க்க’ என்று ஒரு சீன் வைத்தால் பெரிய விளக்கு அணையும், சுவரோர விளக்கு 20 விழுக்காட்டுக்கு இறங்கும், சாமி மேடை விளக்கு மட்டும் அப்படியே இருக்கும். பொத்தானைத் தொட்டதும் ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனியாக உத்தரவு போகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஸிக்பீ முறையில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. ஒவ்வொரு விளக்கும் தன் பங்கை முன்பே மனப்பாடம் செய்து வைத்திருக்கும். காற்றில் போவது ஒரே ஒரு வரிதான்: மூன்றாம் எண் சீன். பள்ளி ஆண்டுவிழா நாடகத்தில் மணி அடித்ததும் பிள்ளைகள் அவரவர் இடத்துக்குப் போய் நிற்பதைப்போல. மணி காதில் விழாத பிள்ளை மட்டும் பழைய இடத்திலேயே முழித்துக்கொண்டு நிற்கும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு விளக்குக்குத் தனியாக உத்தரவு அனுப்பினால் ‘கிடைத்தது’ என்று அது பதில் சொல்லும். கூட்டத்துக்கு மொத்தமாக அனுப்பினால் பதில் வராது. எல்லா விளக்குகளும் ஒரே நேரத்தில் பதில் சொன்னால் காற்றில் நெரிசல்தான் மிஞ்சும் என்பதால் அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். பதில் வராத இடத்தில் செயலி தானாக நம்பிக்கொள்கிறது. கைப்பேசியில் விளக்கு எரிகிறது, கூரையில் எரியவில்லை. என்னைத் தேடி வரும் அழைப்புகளில் பாதிக்கு இதுதான் காரணம்.

பிரிக்ஃபீல்ட்ஸ் செங்கல் சூளைகளால் பெயர் பெற்று, ரயில்வே ஊழியர்களின் குடியிருப்பாக வளர்ந்த இடம். பிரிட்டிஷ் ரயில்வேயின் பழைய முறையில் ஒரு சிக்னல் அறையிலிருந்து மணி அடித்தால், அடுத்த அறையில் இருப்பவர் அதே மணியைத் திருப்பி அடிக்க வேண்டும். திருப்பி அடிக்கும்வரை ரயில் கிளம்பாது. நான் சொன்னேன் என்பது போதாது, நீ கேட்டாய் என்பது எனக்குத் தெரிய வேண்டும். பழுது பார்க்கும்போது நான் செய்வதும் இதைத்தான். பொத்தான் பேசியதா? நடுவிலிருக்கும் பெட்டி அதைக் கேட்டதா? பெட்டி சொன்னது விளக்குக்குப் போய்ச் சேர்ந்ததா? எந்த இடத்தில் பேச்சு தொலைந்தது என்று தெரியாமல் பெட்டியை மாற்றுவது வீண் செலவு.

கேஎல் சென்ட்ரல் பக்கத்துக் கொண்டோ ஒன்றில் பகலில் ஒழுங்காக இருக்கும் விளக்குகள் இரவு எட்டு மணிக்கு மேல் தடுமாறின. ஸிக்பீ, வைஃபை இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் பேசுகின்றன. ஸிக்பீக்கு 11 முதல் 26 வரை பதினாறு தடங்கள். வைஃபை வழக்கமாக உட்கார்வது 1, 6, 11 ஆகிய தடங்களில். எண்கள் ஒரே மாதிரி இருந்தாலும் இரண்டும் வேறு கணக்கு. அந்த வீட்டைச் சுற்றி மேலும் கீழும் பக்கத்திலுமாக முப்பது ரவுட்டர்கள் தெரிந்தன. இரவில் எல்லா வீட்டிலும் படம் ஓடும். போதாததற்கு இந்த வீட்டுப் பெட்டியை ரவுட்டரின் தலைமேல் வைத்திருந்தார்கள். பெட்டியை இரண்டு மீட்டர் தள்ளி வைத்து, வைஃபை கூட்டத்துக்கு மேலே ஒதுங்கியிருக்கும் 25-ஆம் தடத்துக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது.

இன்னொன்று, ‘பேய்’ விளக்கு. கிள்ளானில் பல பழைய வரிசை வீடுகளில் சுவிட்சுப் பெட்டிக்குள் நியூட்ரல் வயர் இருக்காது. கரண்டு கீழே இறங்கி சுவிட்சைத் தொட்டுவிட்டு மேலே போய்விடும், அவ்வளவுதான். நியூட்ரல் கேட்காத ஸ்மார்ட் சுவிட்ச் அங்கே உயிர்வாழ வேண்டுமானால், அணைத்த பிறகும் விளக்கின் வழியாகத் துளி கரண்டை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பழைய குண்டு பல்புக்கு அது ஒரு பொருட்டே இல்லை. எல்இடி விளக்குக்கு அந்தத் துளியே போதும். அணைத்த அறையில் மங்கலாக மினுக்கும். விளக்குக்குப் பக்கத்தில் சின்னக் கெபாசிட்டர் ஒன்றை இணைத்தால் பேய் போய்விடும். எலுமிச்சம்பழம் வெட்டி வைத்த வீட்டுக்கும் போயிருக்கிறேன். பழத்தைத் தொடாமல் வேலையை முடித்துவிட்டு வந்தேன்.

ஆனால் எனக்கு இந்தத் தொழிலைப் பற்றி யோசிக்கவைத்தது கிள்ளானில் இன்னொரு வீடு. ஜாலான் தெங்கு கிளானாவின் பூக்கடைகளிலிருந்து காடியில் பத்து நிமிடம். மகன் தன் செலவில் பெற்றோர் வீடு முழுக்க ஸ்மார்ட் விளக்கு போட்டுக்கொடுத்திருந்தார். அப்பா தவறிய பிறகு அம்மா மட்டும் அங்கே இருக்கிறார். மகன் குடும்பத்தோடு பெட்டாலிங் ஜெயாவில்.

“தெனமும் ராத்திரி பாதி விளக்கு ‘அன்ரீச்சபிள்’னு காட்டுது தம்பி. ரெண்டு தடவை பெட்டியை மாத்தியாச்சு. காலையில பாத்தா தானா சரியாயிடுது” என்றார்.

அங்கே ஓடியது ஹோம் அசிஸ்டன்ட். 2013-இல் தொடங்கிய திறமூல மென்பொருள். நடப்பதையெல்லாம் வீட்டுக்குள்ளேயே பதிவுசெய்து வைக்கும். பத்து நாள் பதிவைத் திறந்து பார்த்தேன். கூடத்து விளக்குகள் காணாமல்போன நேரம்: 9:41, 9:37, 9:52, 9:44. பழுதைத் தேட அதற்கு மேல் தேவைப்படவில்லை. இயந்திரம் செய்தால் தினமும் ஒரே நேரத்தில் செய்யும். இப்படி முன்னே பின்னே போவது மனிதக் கை.

அம்மா படுக்கப் போகுமுன் கூடத்துச் சுவிட்சுகளைக் கையால் அணைத்துவிட்டுப் போகிறார். சுவரில் அணைத்தால் ஸ்மார்ட் விளக்குக்குக் கரண்டே கிடையாது. ஸிக்பீயில் கரண்டில் இருக்கும் விளக்குகள்தாம் மற்றவர்களின் பேச்சை வாங்கிக் கைமாற்றிக் கொடுப்பவை. பேட்டரியில் ஓடும் சென்சார்கள் யாருக்கும் கைமாற்றுவதில்லை, பக்கத்து விளக்கிடம் சொல்லிவிட்டுத் தூங்கிவிடும். கூடத்து விளக்குகள் போனதும் பின்னால் இருந்தவர்களுக்குத் தூது போக ஆள் இல்லை. கழிவறைக்குப் போகும் நடைபாதைச் சென்சார் பின்னால்தான் இருந்தது.

அந்த நடைபாதையில் சுவிட்சே இல்லை. சென்சார் இருக்கிறதே என்று முன்பு வேலை செய்தவர்கள் அதைக் கழற்றிவிட்டு வெள்ளை மூடி போட்டிருந்தார்கள். அப்படியானால் இரவு இரண்டு மணிக்கு எழுந்தால் என்ன செய்வார்? நான் கேட்டதும் அம்மா தலையணைக்குக் கீழிருந்து ஒரு டார்ச்லைட்டை எடுத்துக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே ஓர் இடம் கன்றிப்போயிருந்ததை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். மகனுக்குச் சொல்லவில்லையாம்.

மகன் போனில் சொன்ன தீர்வு எளிதானது. “கூடத்துச் சுவிட்சுக்கும் மூடி போட்டுடு தம்பி. பத்து மணிக்கு எல்லாம் தானா அணையிற மாதிரி வச்சிடலாம். அம்மா எதையும் தொட வேண்டியதே இல்ல.”

தொழில்நுட்பமாகப் பார்த்தால் அவர் சொன்னது சரி. நூறு வெள்ளிக்குள் முடிந்துவிடும்.

அம்மாவிடம் கேட்டேன். அவர் கோல சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால்மரம் வெட்டியவர். “தோட்டத்துல இஞ்சின் கரண்டு தம்பி. பத்து மணிக்கு நிப்பாட்டிருவாங்க. கிராணி வீட்ல எரியும், நம்ம லயத்துல எரியாது. அவன் அணைக்கிறதுக்கு முன்னாடி நாமளே அணைச்சிடணும்னு எங்கம்மா சொல்லும். இந்த வீடு வாங்கி வந்தப்பதான் ராத்திரி எந்நேரமும் சுவிட்சைத் தட்டுனா எரியும்னு ஆச்சு. இப்ப மறுபடியும் பத்து மணிக்கு நிப்பாட்டப் போறானா?”

மலாயாவில் மின்சாரத்தின் தொடக்கமாகச் சொல்லப்படுவது 1894. கே. தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் ராவாங்கில் தங்கள் ஈயச் சுரங்க வேலைக்காக மின்னாக்கி பொருத்தினார்கள். பத்துமலையில் முருகனுக்குக் கோயில் அமைத்த அதே தம்புசாமிப் பிள்ளை. இந்நாட்டு மின்சாரக் கதையின் முதல் பக்கத்திலேயே ஒரு தமிழ்ப் பெயர் இருப்பது பெருமைதான். ஆனால் அதற்குப் பிறகு எத்தனையோ ஆண்டுகள் தோட்டத்துத் தமிழர்களுக்கு விளக்கு என்பது யாரோ ஒருவர் இஞ்சினை நிறுத்தும்வரை மட்டும் எரிவதாக இருந்தது. அம்மா கையால் அணைப்பதைச் சிக்கனம் என்று மகன் நினைத்திருந்தார். பேச்சைக் கேட்ட பிறகு எனக்கு அது அப்படித் தெரியவில்லை.

வெளிநாட்டிலும் இதற்கு உதாரணம் உண்டு. 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் இன்ஸ்டியான் நிறுவனம் முன்னறிவிப்பில்லாமல் தன் சர்வர்களை நிறுத்தியது. அதை நம்பியிருந்த வீடுகளில் செயலி செத்துப்போனது, நேரம் குறித்துவைத்த வேலைகள் பலருக்கு நின்றுபோயின. சுவரில் இருந்த சுவிட்ச் மட்டும் கையால் தட்டினால் வேலை செய்தது.

மூடி போட வேண்டாம் என்று மகனிடம் சொன்னேன். கூடத்தில் ஸ்மார்ட் பல்புகளை எடுத்துவிட்டுச் சாதாரண எல்இடி போட்டோம். சுவிட்சுப் பெட்டியில் இல்லாத நியூட்ரல், கூரையில் விளக்கு தொங்கும் இடத்தில் இருந்தது. எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற வயர்மேன் ஒருவரை அழைத்து, சின்ன ரிலே மாட்யூலை அங்கே மேலேயே வைத்தோம். அதற்கு எப்போதும் கரண்டு உண்டு, தூது வேலை நிற்காது. கீழே அதே பழைய சுவிட்ச். அதன் வேலை இப்போது கரண்டை வெட்டுவதல்ல, மாட்யூலுக்குச் செய்தி சொல்வது மட்டும். அம்மாவுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது: தட்டினால் எரியும், தட்டினால் அணையும். நடைபாதையில் வெள்ளை மூடியைக் கழற்றிச் சுவிட்சைத் திரும்ப வைத்தோம். சென்சாரும் இருக்கட்டும் என்றார். பெட்டி, வைஃபை, இணையம் எல்லாம் செத்தாலும் சுவரில் தட்டினால் விளக்கு எரிய வேண்டும் என்பதை எழுதியே கொடுத்தேன். மொத்தச் செலவு மூடி போடுவதைப்போல ஆறு மடங்கு. மகன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “செஞ்சிடு லா” என்றார்.

வேலை முடிந்து மடிக்கணினியில் சோதித்துக்கொண்டிருந்தேன். அம்மா தே ஓ கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார். நடைபாதை என்று எழுதி, அதற்குக் கீழே கோடு கோடாக நேரங்கள்.

“இது என்ன?”

“ராத்திரி நீங்க எந்திரிச்சுப் போறப்பல்லாம் சென்சார் பார்க்கும் ஆண்ட்டி. அந்த நேரம்.”

“இது அவனுக்கும் தெரியுமா?”

தெரியும் என்றேன். செயலியைத் திறந்தால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அம்மா கோடுகளை எண்ணினார். முந்தைய இரவு நான்கு. “மருமகளும் பார்க்குமா?” என்றவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. “சக்கரை இருக்கிறவங்களுக்கு அப்படித்தான். அதை எழுதி வைக்கணுமா தம்பி?”

விளக்கு யார் பேச்சைக் கேட்கிறது என்றுதான் அதுவரை நான் எல்லா வீட்டிலும் பார்த்துவந்தேன். அது யாரிடம் போய்ச் சொல்கிறது என்பதை ஒரு வாடிக்கையாளர்கூடக் கேட்டதில்லை. செயலி வைத்திருப்பவர்கள்தாம் என்னைக் கூப்பிடுகிறார்கள். அவர்களுக்கு அந்தக் கேள்வி வராது.

ஒரு குறிப்பிட்ட சாதனத்தைப் பதிவிலிருந்து விலக்கிவைக்க ஹோம் அசிஸ்டன்டில் வழி இருக்கிறது. நான்கு வரி மாற்றம். ஆனால் பணம் கொடுப்பவர் மகன். அம்மா முன்னாலேயே அவருக்குப் போன் போட்டேன். அம்மா போனை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை. திரும்பி வந்து போனை நீட்டியபோது மகனின் குரல் வேறு மாதிரி இருந்தது. “அம்மா சொல்ற மாதிரியே செஞ்சிடு. கால்ல அடிபட்டதை இப்பதான் சொல்லுது.”

இப்போது எந்த வீட்டில் வேலை தொடங்கினாலும் அங்கே படுத்து எழுந்திருப்பவர்களிடம் முதலில் பேசிவிடுகிறேன். எந்தச் சுவிட்சைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டுவீர்கள்? எது பதிவாக வேண்டாம்? வயதானவர்களும் வீட்டில் வேலை செய்யும் அக்காமார்களும் சொல்லும் பதிலில்தான் பாதிப் பழுது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

கிள்ளான் வீட்டு நடைபாதைச் சென்சாருக்குப் பதிவேடு கிடையாது. கெட்டுப்போனால் நான் இங்கிருந்தபடி கண்டுபிடிக்க முடியாது, அம்மாதான் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். என் எண்ணைக் காலண்டரில் பெரிதாக எழுதிவைத்திருக்கிறார். இதுவரை இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார். ஒருமுறை பேட்டரி தீர்ந்திருந்தது. இன்னொரு முறை தீபாவளிக்கு முந்தின வாரம். விளக்கெல்லாம் நன்றாகத்தான் எரிகிறதாம். முறுக்கு சுட்டாகிவிட்டது, வந்து எடுத்துக்கொண்டு போ என்றார்.