கடலை நம்பிய லாமலேரா

விதைக்க நிலமில்லாத ஊரில் மக்கள் எதை உண்டு வாழ்வர்? இவ்வினாவுக்கு விடை தேடுவோர் இந்தோனேசிய நாட்டின் லெம்பாட்டா தீவுக்குச் செல்லுதல் வேண்டும். புளோரஸ் தீவுக்குக் கிழக்கே, எரிமலைகள் பல நிமிர்ந்து நிற்கும் சிறு தீவு அது. அதன் தென்கரையில், லபலேகாங் மலைச் சரிவில், கற்பாறைகளின் நடுவே ஒட்டிக்கொண்டிருக்கிறது லாமலேரா என்னும் கத்தோலிக்க மீனவர் ஊர். மேலூர், கீழூர் இரண்டையும் சேர்த்து ஏறத்தாழ ஈராயிரம் மக்கள் அங்கு வாழ்கின்றனர்.

2019-ஆம் ஆண்டு தவக்காலத்தின் இறுதியில் லாரன்துக்கா நகரின் பெரிய வெள்ளி பவனியைக் காணச் சென்ற நாங்கள் இருவரும், உயிர்ப்புப் பெருவிழா முடிந்தபின் படகேறி லெம்பாட்டாவை அடைந்தோம். அங்கிருந்து கரடுமுரடான மலைப்பாதையில் வண்டிப் பயணம். எங்களுக்கு மொழிபெயர்ப்பாளராக, ஆங்கிலம் அறிந்த குருமாணவர் ஒருவர் உடன் வந்தார். ஊரில் ஒரு மீனவர் குடும்பம் எங்களை விருந்தினராக ஏற்றது. அத்தீவுகளில் வயது வந்த பெண்களை மரியாதையாக 'மாமா' என்று அழைக்கின்றனர். அச்சொல்லுக்கு அவர்கள் மொழியில் தாய் என்று பொருள். வீட்டுத் தலைவியை அவ்வாறு அழைக்க எங்கள் தமிழ் நாவுக்கு இரண்டு நாள் பிடித்தது!

லெம்பாட்டாவில் திருமறை வேரூன்றிய வரலாறு 1886-இல் தொடங்குகிறது. லாமலேராவில் குழந்தைகள் ஞானஸ்நானம் பெற்றது அவ்வாண்டில்தான். பின்னர் 1920-களில் தேவ வார்த்தைச் சபையின் போதே அடிகளார் அங்கு வந்து நெடுங்காலம் உழைத்தார். கோயிலோடு கல்வியும் வளர்ந்தது. கல்வியின் பயன் என்னவென்பதைப் பின்னர்க் கூறுவோம்.

இவ்வூரார் திமிங்கலம் வேட்டையாடும் கடலோடிகள். ஆணியின்றி, மர முளைகளால் பலகைகளைப் பிணைத்து இவர்கள் கட்டும் படகுக்குத் 'தேனா' என்று பெயர். அதன் பாய் பனையோலை போன்றதோர் ஓலையால் முடையப்பட்டது. படகின் முனையில் மூங்கில் கழி பூட்டிய எறியீட்டியுடன் நிற்பவர் 'லமாஃபா'. எண்ணெய்த் திமிங்கலம் அருகில் வந்ததும் அவர் படகிலிருந்து பாய்ந்து, தம் உடலின் பாரம் முழுவதையும் ஈட்டியின்மேல் செலுத்திக் குத்துவார். அடிபட்ட விலங்கு படகைக் கவிழ்ப்பதும் உண்டு. நடுக்கடலுக்கு இழுத்துச் செல்வதும் உண்டு. 1994-இல் அவ்வாறு இழுத்துச் செல்லப்பட்டுப் படகிழந்தோர் நாட்கணக்கில் கடலில் தவித்து, வழியே வந்த கப்பலொன்றால் மீட்கப்பட்டனர். நீலத் திமிங்கலத்தை இவர்கள் தீண்டுவதில்லை. முன்னோரைக் காத்தது அது என்பது இவர்களது மரபு.

மே மாதம் முதல் நாள், கடற்கரையிலுள்ள புனித இராயப்பர் சிற்றாலயத்தின் முன் திருப்பலியுடன் வேட்டைப் பருவம் தொடங்குகிறது. அதற்கு முன், கடலில் மாண்டோருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுத்து, இரவில் மெழுகுவர்த்திகளை ஏற்றி நீரில் மிதக்கவிடுகின்றனர். எங்களை ஏற்ற குடும்பமும் ஒரு விளக்கை மிதக்கவிட்டது. யாருக்காக என்று நாங்கள் கேட்கவில்லை.

இல்லறத்தார் கவனிக்கத்தக்க வழக்கமொன்று அங்குண்டு. வீட்டில் கணவன் மனைவி பிணக்கோடு இருந்தால் கடலில் வேட்டை பொய்க்கும் என்று நம்புகின்றனர். எனவே கடலுக்குச் செல்லுமுன் மனத்தாங்கல்களைத் தீர்த்து ஒப்புரவாகின்றனர். நம்பிக்கையின் உண்மை பொய் எவ்வாறாயினும், நூற்றுக்கணக்கான குடும்பங்களை ஆண்டுதோறும் சமாதானத்துக்குக் கொண்டுவரும் வழக்கத்தைப் பழிக்க எமக்கு மனம் வரவில்லை.

கிடைத்த திமிங்கலம் பிடித்தவனுக்கு மட்டும் உரியதன்று. படகின் உடைமைக் குடும்பங்கள், லமாஃபா, துடுப்பாளர், படகு கட்டிய தச்சர், ஈட்டி அடித்த கொல்லர், பாய் முடைந்தவர், நிலத்தின் ஆதிக் குடியினர் என ஒவ்வொருவருக்கும் வெட்டும் இடம் முன்னரே வரையறுக்கப்பட்டுள்ளது. பங்கு பெற்றவர் கைம்பெண்களுக்கும் முதியோருக்கும் அதிலிருந்து பகிர்ந்தளிக்கின்றனர். எஞ்சிய இறைச்சியை மூங்கில் பந்தல்களில் உலர்த்திச் சேமிக்கின்றனர்.

உலர்ந்த இறைச்சியைத் தலையில் சுமந்து பெண்கள் வுலன்தோனி சந்தைக்குச் செல்கின்றனர். மலையூர்ப் பெண்கள் சோளம், வாழைப்பழம், கிழங்கு முதலியன கொணர்கின்றனர். சந்தை அதிகாரி ஊதல் ஊதியதும் பண்டமாற்று தொடங்குகிறது. எத்தனை சோளக் கதிருக்கு எத்தனை துண்டு இறைச்சி என்பது இரு தரப்பாரும் அறிந்த கணக்கு. காசு கைமாறாமலே இரு ஊர்களின் அடுப்பும் எரிகிறது.

ஆனால் இங்கேதான் இடர்ப்பாடும் தொடங்குகிறது. பண்டமாற்றில் சோளம் கிடைக்கும், ரூபியா கிடைக்காது. பள்ளிக் கட்டணத்துக்கும், சீருடைக்கும், மருந்துக்கும், படகு இயந்திரத்தின் எரிபொருளுக்கும் ரூபியாவே வேண்டும். ஆதலால் இளைஞர் பலர் கூப்பாங் நகருக்கும், கடல் கடந்து மலேசியாவுக்கும் கூலி வேலைக்குச் செல்கின்றனர். போனவர் பணம் அனுப்புகின்றனர். ஆனால் துடுப்பு வலிக்கக் கை குறைகிறது. பத்துப் பேருக்கு மேல் வேண்டிய படகு ஆளின்றிக் கொட்டிலில் கிடக்க நேர்கிறது.

நாங்கள் தங்கிய வீட்டிலேயே இவ்வழக்கு நடந்துகொண்டிருந்தது. வீட்டுத் தலைவர் கால் முறிந்து கரையேறியவர். மூத்த மகன் மலேசியாவில். பதினைந்து வயதான இளையவன் நடுநிலைப் பள்ளியை முடிக்கும் தறுவாயில், லெவோலெபா நகரில் இயந்திரத் தொழில் கற்க விரும்பினான். "பாப்பா, மாமா, நீங்களே சொல்லுங்கள்" என்று அத்தாய் எங்களை விளித்துக் கேட்டாள். "இவன் போனால் எங்கள் வீட்டுக்கு வரும் துடுப்புப் பங்கு நின்றுவிடும். அப்புறம் சோளத்துக்கு எதைக் கொடுப்பேன்? இவனைப் பிடித்து வைத்தாலோ, நாளைக்கு இவன் என்னைப் பார்க்கும் பார்வையை எப்படித் தாங்குவேன்?"

ஆயுள் முழுவதும் பள்ளிகளில் பணியாற்றிய எங்களுக்கு 'படிக்க அனுப்புங்கள்' என்று சொல்வது எளிது. ஆயினும் அச்சோளத்தையே மூன்று வேளையும் உண்டுகொண்டிருந்த நாங்கள் வாய்திறக்கவில்லை. அன்றிரவு அவளுடைய தம்பி வந்தார். பையனின் இருக்கையில் தாம் அமர்வதாகவும், பங்கில் பாதியை அக்காளுக்கே கொடுப்பதாகவும் கூறினார். பள்ளி விடுமுறை வேட்டைப் பருவத்துக்குள் வருவதால், அந்நாட்களில் பையன் வந்து துடுப்பு வலிக்க வேண்டும் என்பது நிபந்தனை. நெடுநேரம் பேசி முடிவு செய்தனர்.

வெளியுலகமும் இவ்வூரை நோக்கி வினாக்களை எழுப்புகிறது. 1970-களில் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் நார்வே நாட்டு வல்லுநர் ஒருவரை அனுப்பி, நவீன வேட்டை முறையைப் புகுத்த முயன்றது, அது நிலைக்கவில்லை. பின்னர் அதே உலகம் வேட்டையை நிறுத்துமாறு கூறலாயிற்று. சவுக் கடலில் தேசியக் கடற்பூங்கா அமைக்கும் திட்டத்தை 2009-இல் லாமலேரா மக்கள் எதிர்த்தனர்; 2014-இல் நிறுவப்பட்ட அப்பூங்காவில் அவர்களுடைய கடற்பகுதி அடங்கவில்லை. அவர்கள் பிடித்துவந்த யானைத் திருக்கை மீனுக்கோ அதே 2014-இல் நாடு முழுவதும் சட்டப் பாதுகாப்பு வந்தது. திமிங்கல இனங்களைக் காத்தல் கடமை என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், பெருங்கடல்களில் அவற்றைப் பேரளவில் அழித்தவை செல்வ நாடுகளின் எண்ணெய்க் கப்பல்களே. அக்கணக்கின் பாரத்தை மரப்படகுக்காரர் தலையில் ஏற்றுவது நீதியாகுமா?

கல்வியின் பயனைப் பின்னர்க் கூறுவதாகச் சொன்னோம். இந்தோனேசிய மொழிக்கு இலக்கணம் வகுத்த அறிஞர் கோரிஸ் கெராஃப் இவ்வூரிற் பிறந்தவர். தம் ஊர்ப் பேச்சுமொழியையே ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். 1999 முதல் 2001 வரை அந்நாட்டின் சுற்றுச்சூழல் அமைச்சராக விளங்கிய சோனி கெராஃபும் லாமலேராவின் மைந்தரே. திமிங்கலம் வேட்டையாடும் ஊர் நாட்டுக்குச் சுற்றுச்சூழல் அமைச்சரை அளித்தது! அறிவு பெறும் ஆற்றலில் அவ்வூர் எவருக்கும் பிற்பட்டதன்று. அறிவு பெற்றவர் ஊரிலேயே பிழைக்க வழி உண்டா என்பதே அங்குள்ள கேள்வி.

குருமாணவர் வாயிலாகச் சில செய்திகள் எங்களுக்கு வந்துகொண்டிருக்கின்றன. அப்பையன் படிப்பை முடித்து, லெவோலெபாவில் படகு இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறான். மே மாதத் திருப்பலிக்குத் தவறாமல் ஊர் வருகிறான். ஊரிலேயே பட்டறை வைக்கலாமா என்று மாமனிடம் கேட்டிருக்கிறான், முதலுக்கு வழியில்லை. கூலிக்குக் கடல் கடந்து போகலாமா என்று அண்ணனுக்கும் கடிதம் எழுதியிருக்கிறான். தாய் இரண்டையும் அறிவாள். எதையும் தடுக்கவில்லை, எதற்கும் தூண்டவுமில்லை.

பிள்ளையை அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்திருக்கும் தாயர் எல்லா ஊர்களிலும் உளர். ஆனால் அவளுக்குக் கிடைத்தது போன்று, காலியான இருக்கையில் தாமே வந்தமரும் உறவினர் எத்தனை குடும்பங்களுக்கு வாய்க்கின்றனர்? மாலைச் செபத்தில் அவ்வூரையும், அதன் படகுகளையும், அக்கடலையும் நினைத்துக்கொள்ளுமாறு வாசகக் குடும்பங்களை அன்புடன் வேண்டுகிறோம். அத்துடன், நம் பங்கில் இவ்வாண்டு யாருடைய படகில் ஓர் இருக்கை காலியாகியிருக்கிறது என்பதையும் சற்று விசாரித்தறிவோமாக.