பூட்டில்லாத புதையல்

ஒரு தகரப் பெட்டி. உள்ளே நாலு விளையாட்டுச் சாமான், ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பென்சில். அதை மூடி, பூட்டுப் போடாமல், ஊருக்கு வெளியே ஒரு மரத்தடியில் வைத்துவிட்டு வந்தால் எத்தனை நாள் அங்கே இருக்கும்? “நாள் கணக்கா? திரும்பிப் பார்ப்பதற்குள் போய்விடுமே!” என்றுதானே சொல்கிறீர்கள்? வாசல் திண்ணையில் வைத்த பால் பாத்திரத்துக்கே காவல் போட வேண்டியிருக்கும் காலத்தில் வேறென்ன சொல்ல முடியும்?

ஆனால் அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களின் மலைக்காடுகளில், இருபது வருஷத்துக்கு மேலாக அப்படியே இருக்கும் பெட்டிகள் உண்டு. பூட்டுக் கிடையாது, காவலாளி கிடையாது. இருக்கும் இடமும் ரகசியமில்லை. இன்ன அட்சரேகை, இன்ன தீர்க்கரேகை என்று உலகத்துக்கே தெரியும்படி வெளியிட்டிருக்கிறார்கள். அதைத் தேடிக்கொண்டு மனிதர்கள் குழந்தை குட்டிகளுடன் பாழடைந்த காட்டுச் சாலைகளில் போகிறார்கள். ‘ஜியோகேஷிங்’ என்று இந்த விளையாட்டுக்குப் பெயர். வாருங்கள், நாமும் ஒரு நடை போய் வருவோம். புறப்படும் முன் கொஞ்சம் பூர்வோத்தரம் சொல்லிவிடுகிறேன்.

பீன்ஸ் டின்னில் பிறந்தது

வானத்தில் 12,000 மைலுக்கும் மேலே சுற்றும் செயற்கைக் கோள்களைக் கொண்டு, நாம் நிற்கும் இடத்தைச் சொல்லும் ஜி.பி.எஸ். கருவியை இன்று எல்லோருக்கும் தெரியும். ஆட்டோ ஓட்டுகிறவரின் கைப்பேசியில்கூட இருக்கிறது. ஆனால் 2000-ம் ஆண்டு வரையில், பொது ஜனங்களுக்கு வரும் சமிக்ஞையை அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே கொஞ்சம் குழப்பி வைத்திருந்தது. கருவி காட்டும் இடத்துக்கும் நிஜமான இடத்துக்கும் நூறு மீட்டர் வரை வித்தியாசம் இருக்கலாம். ஜனாதிபதி கிளிண்டன் உத்தரவின்படி அந்த ஆண்டு மே 2-ந் தேதி அந்தக் குழப்பம் நிறுத்தப்பட்டது.

மறுநாளே டேவ் உல்மர் என்பவருக்கு ஒரு யோசனை தோன்றியது. போர்ட்லந்து நகருக்குத் தென்கிழக்கே பீவர்கிரீக் என்ற ஊர்ப் பக்கம் காட்டோரத்தில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் வாளியைப் பாதி புதைத்து வைத்தார். உள்ளே புத்தகங்கள், வீடியோ, கொஞ்சம் பணம், ஒரு கவண், ஒரு பீன்ஸ் டின்! இடத்தின் எண்களைக் கம்ப்யூட்டர் மூலம் வெளியிட்டு, “ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள், ஏதாவது வையுங்கள், நோட்டில் எழுதுங்கள்” என்று விதி சொன்னார். மூன்றே நாளில் இரண்டு பேர் கண்டுபிடித்துவிட்டார்கள்! அந்த இடத்தில் இன்று ஒரு நினைவுப் பலகை பதித்திருக்கிறார்கள். உலகம் முழுவதும் இப்போது முப்பது லட்சத்துக்கு மேற்பட்ட பெட்டிகள் இருக்கின்றன.

பெரும்பாலானவை பூங்காவிலும் கடைத்தெரு ஓரத்திலும் இருப்பவைதான். கான்ஸாஸ் மாநிலத்தில் 2000 மே 11 அன்று வைத்த ‘மிங்கோ’ என்ற பெட்டிதான், இன்றும் விளையாட்டில் இருப்பவற்றுள் மூத்தது. அது பெரிய நெடுஞ்சாலைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் வந்து பார்க்கிறவர்களுக்குக் குறைவில்லை. நாம் போகப்போவது அந்த மாதிரி இடத்துக்கு அல்ல. வருஷத்துக்கு ஓர் ஆள் வந்தாலே அதிசயம் என்று சொல்லத்தக்க காட்டுக்கு.

தாய், மகள், பேத்தி

போர்ட்லந்திலிருந்து கிழக்கே கொலம்பியா நதிக்கரையோடு அறுபது மைல் போனால் ஹூட் ரிவர் என்ற ஊர். நதியைக் கடந்தால் வாஷிங்டன் மாநிலம். அங்கிருந்து வடக்கே இருபது மைலுக்குச் சற்று மேல் ஏறினால் டிரவுட் லேக் என்ற கிராமம். எதிரே வெண்பட்டுப் போர்த்தியதுபோல் 12,276 அடி உயர ஆடம்ஸ் மலை. கிராமத்தில் வன இலாகா அலுவலகம் இருக்கிறது. கைப்பேசியை நம்பாமல் அங்கே இறங்கி, காகித வரைபடம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எந்தச் சாலையில் வண்டி போகலாம் என்று காட்டும் படத்தை இலவசமாகவே தருகிறார்கள்.

காட்டுச் சாலைகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். பிரதானச் சாலைக்கு இரண்டு இலக்கம். நாம் போகும் சாலை 24. அதிலிருந்து பிரியும் கிளைகளுக்கு 24 என்று தொடங்கும் நான்கு இலக்கம். அதிலிருந்தும் பிரியும் சின்னஞ்சிறு சாலைகளுக்கு மூன்று இலக்கம். தாய், மகள், பேத்தி என்று வைத்துக்கொள்ளுங்களேன்! இன்னொரு சூட்சுமமும் உண்டு. பலகையில் எண் படுக்கை வாட்டில் எழுதியிருந்தால் சாதாரணக் கார் போகலாம். ஒன்றன்கீழ் ஒன்றாக நெட்டுக்குத்தாக எழுதியிருந்தால் பாதை கரடுமுரடு. தரையிலிருந்து உயர்ந்து நிற்கும் வண்டிதான் வேண்டும்.

இவ்வளவு சாலைகளை யார் போட்டார்கள்? மரம் வெட்டுவதற்காகப் போட்டவை. அமெரிக்கத் தேசியக் காடுகளில் இப்படி மூன்றரை லட்சம் மைலுக்கு மேல் சாலை இருக்கிறது. நீட்டிப் போட்டால் பூமியைப் பதினான்கு தடவை சுற்றலாம்! மரம் வாங்கிய கம்பெனிகளின் பணத்தில்தான் பராமரிப்பும் நடந்தது. 1990-ல் புள்ளி ஆந்தை என்ற பறவை அழியும் ஆபத்தில் இருப்பதாகச் சட்டம் அறிவித்தது. 1994-ல் வடமேற்குக் காடுகளுக்குப் புதிய திட்டம் வந்தது. மரம் வெட்டுவது மளமளவென்று குறைந்தது. ஆந்தைக்கும் காட்டுக்கும் நல்லதுதான். ஆனால் சாலைக்கு வரும் பணமும் குறைந்துவிட்டது. மழையில் மதகு உடைந்தால் உடைந்ததுதான். கொஞ்ச நாள் வண்டி போகாவிட்டால் நடுச் சாலையில் ஆல்டர் மரக் கன்று முளைத்து, ஐந்தாறு வருஷத்தில் ஆளுயரத்துக்கு மேல் நின்று, “வழி இல்லை, போய் வாருங்கள்” என்கிறது.

கைகுலுக்கி எழுதிய சாசனம்

ஆகஸ்டு கடைசியில் போனால் 24-ம் எண் சாலையின் மேட்டுப் பகுதியில் வண்டியை நிறுத்தாமல் இருக்க உங்களால் முடியாது. இரு பக்கமும் ஹக்கிள்பெரிப் புதர்கள். நாவற்பழ நிறத்தில், சுண்டைக்காய் அளவில் பழங்கள். வாயில் போட்டால் புளிப்பும் தித்திப்பும். நாக்கும் விரலும் நீலமாகிவிடும். குழந்தைகளின் சட்டையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்!

ஆனால் சாலையின் கிழக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் அறிவிப்புப் பலகை இருக்கிறது. அந்தப் பக்கம் பூர்வகுடிகளுக்கு மட்டும். நெடுங்காலமாக இங்கே வந்து பழம் பறித்து உலர்த்தி, குளிர்காலத்துக்குச் சேர்த்து வைத்தவர்கள் யாகமா மக்கள். 1930-களில் பஞ்சம் வந்து பட்டணத்து ஜனங்களெல்லாம் பழம் பறிக்கக் கூட்டமாக வந்துவிடவே, 1932-ல் யாகமா தலைவரும் வன இலாகா அதிகாரியும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒரு பகுதி யாகமா மக்களுக்கு என்று கைகுலுக்கிக்கொண்டார்கள். அந்தக் கைகுலுக்கலுக்கு இன்றும் மதிப்பு இருக்கிறது. பூட்டில்லாத பெட்டி பிழைத்திருப்பதற்கு ஏற்ற காடுதான் இது, இல்லையா?

கடைசிப் பத்து அடி

வண்டி போகும்வரை போய், இறங்கி நடந்து, கருவி சொன்ன இடத்துக்கு வந்தாயிற்று. இனிமேல்தான் வேடிக்கை. சுற்றிலும் இருநூறு அடி உயர டக்ளஸ் ஃபர் மரங்கள். அவற்றின் அடர்த்தியில் வானத்துச் சமிக்ஞை தடுமாறுகிறது. ‘இதோ, வலப்பக்கம் இருபது அடி’ என்கிறது கருவி. இருபது அடி போனால், ‘இல்லை, பின்னால் முப்பது அடி’ என்கிறது. இப்போது கருவியைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணைத் திறக்க வேண்டும்.

இந்த இடத்தில் பெண்களே கெட்டிக்காரர்கள் என்பது என் அபிப்பிராயம். அலமாரியில் சர்க்கரை டப்பாவை ஒருவர் நகர்த்தி வைத்தால்கூடத் தெரிந்துவிடுகிற கண் அல்லவா? காட்டிலும் அதே கணக்குத்தான். தானாக விழுந்த குச்சி தாறுமாறாகக் கிடக்கும். பத்துக் குச்சி ஒரே திசையில் அடுக்கியதுபோல் கிடந்தால் அது மனிதன் வேலை. பாசி படர்ந்த கல்லுக்குப் பக்கத்தில் பாசி இல்லாத கல் இருந்தால் அதைப் புரட்டிப் பாருங்கள்.

பழைய பெட்டிகளில் பல, ராணுவத்தில் தோட்டா வைக்கும் பச்சை நிற இரும்புப் பெட்டிகள். மூடியில் ரப்பர் வளையம் இருப்பதால் தண்ணீர் புகாது. திறந்தால் காளான் வாசனை. உள்ளே புதையல் என்ன தெரியுமா? பிளாஸ்டிக் டைனோசர், சாவி வளையம், கோலிக்குண்டு! இதற்கா இத்தனை பாடு என்று கேட்காதீர்கள். நோட்டைப் பிரியுங்கள். முதல் பக்கத்தில் மாதம் இரண்டு மூன்று பேர் எழுதியிருப்பார்கள். போகப் போக இடைவெளி நீளும். ஒரு வருஷம், பிறகு இரண்டு வருஷம். மூன்று வயதுக் குழந்தையின் கிறுக்கல் ஒரு பக்கத்தில் இருக்கும். அந்தக் குழந்தை இப்போது காலேஜில் படித்துக்கொண்டிருக்கும். “நோட்டு நனைந்திருந்தது, புதுத் தாள் வைத்தேன்” என்று முன்பின் தெரியாத ஒருவர் எழுதிவிட்டுப் போயிருப்பார். பெட்டியை இத்தனை காலம் காத்தவர்கள் இவர்கள்தான்.

எந்தப் பெட்டிக்கும் சொந்தக்காரர் ஒருவர் உண்டு. பழுது வந்தால் அவர் கவனிக்க வேண்டும். அவருக்கு வயதாகிவிட்டது, ஊர் மாறிவிட்டார், கேட்டதற்குப் பதில் இல்லை என்றால், விளையாட்டை நடத்தும் தொண்டர்கள் அந்தப் பெட்டியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். சாலை போனாலும் அதே கதிதான். ஆகவே பழைய பெட்டி ஒவ்வொன்றும் மெலிந்த நூலில் தொங்குகிறது. ஒருவர் போய், திறந்து பார்த்து, துடைத்து, “பெட்டி நலம்” என்று எழுதினால் அதன் ஆயுள் கொஞ்சம் நீளும்.

ஒரு தாயின் ஒன்பது நாள்

சந்தோஷமாகப் போகும்போது இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. காட்டுச் சாலை விளையாட்டல்ல. 2006 நவம்பர் 25-ந் தேதி இரவு, தெற்கு ஓரிகனில் ஒரு குடும்பம் கடற்கரை ஊருக்குப் போகும் வழியில் திருப்பத்தைத் தவறவிட்டு மலைச் சாலையில் ஏறியது. புதையல் தேடப் போனவர்கள் அல்ல. விடுமுறை முடிந்து வீடு திரும்பியவர்கள். பனி கொட்டியது. கிளைச் சாலை ஒன்றில் கார் சிக்கிக்கொண்டது. கணவன், மனைவி, நாலு வயதில் ஒரு பெண், ஏழு மாதக் கைக்குழந்தை.

பெட்ரோல் இருக்கும்வரை காரில் சூடேற்றிக்கொண்டார்கள். அது தீர்ந்ததும் டயரைக் கொளுத்திக் குளிர் காய்ந்தார்கள். சாப்பாடு தீர்ந்தது. அந்தத் தாய் இரண்டு குழந்தைகளுக்கும் தாய்ப்பால் கொடுத்து உயிரைக் காத்தாள். டிசம்பர் 2-ந் தேதி கணவன் உதவி தேடி நடந்து போனான். 4-ந் தேதி ஹெலிகாப்டர் ஒன்று தாயையும் குழந்தைகளையும் கண்டு மீட்டது. 6-ந் தேதி கணவனின் உடல்தான் கிடைத்தது. அவனைக் குறை சொல்ல யாருக்கு மனசு வரும்? குழந்தைகளுக்காகத்தானே நடந்தான்!

அதனால்தான் அனுபவசாலிகள் படித்துப் படித்துச் சொல்கிறார்கள். ஜூலைக்கு முன்னும் அக்டோபர் பிறந்த பின்னும் மேட்டுச் சாலைகளுக்குப் போகாதீர்கள். டாங்கி நிறையப் பெட்ரோல், மாற்று டயர், தண்ணீர், கம்பளி, ஒரு கைரம்பம் இவை இல்லாமல் புறப்படாதீர்கள். எந்த எண் சாலை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். சிக்கிக்கொண்டால் வண்டியை விட்டு நகராதீர்கள். தேடுகிறவர் கண்ணில் முதலில் படுவது வண்டிதான். பெட்டிக்கு நூறு அடி தூரம் இருக்கும்போது பாதை உடைந்து கிடந்தாலும், தயங்காமல் திரும்பி வாருங்கள். “வந்தேன், கிடைக்கவில்லை” என்று பதிவு செய்வதும் இந்த விளையாட்டில் கௌரவமான காரியமே.

தமிழில் ஒரு பெயர்

போர்ட்லந்திலும் சியாட்டிலிலும் நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் உத்தியோகம் பார்க்கிறார்கள். பேரக் குழந்தைகளைப் பார்க்கப் போகும் தாய்மார்கள் ஆறு மாதம் நாலு சுவருக்குள் தோசை வார்த்துவிட்டுத் திரும்புவது வழக்கமாகிவிட்டது. இந்தத் தடவை, “பாட்டி, புதையல் தேடப் போகலாம், வா!” என்று பேத்தி கூப்பிட்டால், முழங்கால் வலியைச் சொல்லித் தட்டிக்கழிக்காதீர்கள். வண்டியை விட்டு இறங்கினால் பத்தடி தூரத்திலேயே இருக்கும் பெட்டிகளும் உண்டு. நடை எவ்வளவு கடினம் என்று ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போட்டே வைத்திருக்கிறார்கள்.

பெட்டிக்குள் முறுக்கு, சீடை மட்டும் வைத்துவிடாதீர்கள்! சாப்பிடும் சாமான் வைக்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி; வாசனைக்குக் கரடி வந்துவிடும். ஊரிலிருந்து கொண்டுபோன மரச் செப்பு ஒன்றை வையுங்கள். எடுத்துக்கொண்டால் அதற்குச் சமமான மதிப்பில் வைக்க வேண்டும். கூடுதலாக வைத்தால் இன்னும் அழகு. நோட்டில் தேதி போட்டுத் தமிழில் உங்கள் பெயரை எழுதுங்கள். தாள் ஈரமாக இருந்தால் துடைத்து வையுங்கள். பிறகு மூடியை ‘டக்’கென்று சத்தம் கேட்கும்வரை அழுத்தி மூடி, குச்சிகளைப் பழையபடி அடுக்கிவிட்டு வாருங்கள். அடுத்தவர் வர இரண்டு வருஷம் ஆகலாம். அதுவரை மழை உள்ளே போகக் கூடாதல்லவா?