வேலியில் சிரிக்கும் விஷம்

குற்றாலத்துக்குப் போகிறவர்கள் அருவியில் தலையைக் கொடுத்துவிட்டு, ரம்புத்தானும் மங்குஸ்தானும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். சற்று வடக்கே அச்சன்புதூர் என்று ஓர் ஊர் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் போகமாட்டார்கள். அங்கே அருவி இல்லை, பாருங்கள்!

ஆனால் வயல் உண்டு, தென்னந்தோப்பு உண்டு, மேற்கே மேக்கரைப் பக்கம் அடவிநயினார் அணையைத் தாண்டி மலை நீலமாய் எழுந்து நிற்கிறது. சாரல் காற்றில் ஊரே ஈரத்துணி போலச் சிலிர்க்கிறது. நான் போனது செடிகளைப் பார்க்க. வேலியிலும் அடுப்படியிலும் பரம சாதுவாக இருந்துகொண்டு உள்ளே நஞ்சை வைத்திருக்கும் செடிகளை!

முதலில் கண்ணில் பட்டது செங்காந்தள். நுனியில் சிவப்பும் அடியில் மஞ்சளுமாக ஒரு வேலி முழுவதும் தீபம் ஏற்றினாற்போல் பூத்திருந்தது. தமிழ்நாட்டின் மாநிலப் பூ அல்லவா? அழகுக்குக் கேட்பானேன்! மண்ணுக்குள் இருக்கும் அதன் கிழங்கு கலப்பை போல வளைந்திருப்பதால் கலப்பைக்கிழங்கு என்று பெயர். அதில் கொல்சிசின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. வள்ளிக்கிழங்கு என்று எண்ணித் தின்று இலங்கையில் மாண்டவர்கள் உண்டு. அதே கொல்சிசினைத்தான் கால் பெருவிரல் வீங்கித் துடிக்கும் 'கௌட்' நோய்க்கு வைத்தியர்கள் கொடுக்கிறார்கள், மிக மிகச் சிறிய அளவில். அதற்காகவே நம் விவசாயிகள் இதைப் பயிரிட்டு விதையை விற்கிறார்கள்.

வேலிக்கு அந்தப்புறம் ஓர் ஆச்சி மரவள்ளிக்கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"பட்டணத்திலே இதை எப்படித் தாயி அவிப்பீங்க?" என்று கேட்டார்.

"குக்கரில் வைப்போம், ஆச்சி."

"குக்கரா! நல்லா இருக்கே. தோலைச் சீவி, துண்டு போட்டு, நிறையத் தண்ணி விட்டு, மூடாமல் வேக வைக்கணும். அந்தத் தண்ணியைக் கீழே கொட்டீரணும். ஆடு இந்த இலையைக் கடிச்சாலே சுருண்டு விழுந்திரும், தெரியுமா?"

ஆச்சி ரசாயனம் படித்தவரில்லை. ஆனால் அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் ரசாயனத்தில் காரணம் இருக்கிறது. மரவள்ளியில் லினமாரின் என்ற பொருள் உண்டு. அதை உடைக்கும் நொதியும் அதே கிழங்கில் தனியே இருக்கிறது. வெட்டினால், நசுக்கினால் இரண்டும் கலந்து ஹைட்ரோசயனிக் அமிலம் பிறக்கும். சயனைடு என்றால் நமக்குப் புரியும். தோலில் இது அதிகம். ஆனால் இந்த அமிலம் இளஞ்சூட்டிலேயே ஆவியாகிவிடும். மூடாத பானையில் பாதி பறந்துபோகும். மீதி, கொட்டும் தண்ணீரோடு போகும்.

இந்தக் கிழங்கைத் திருவிதாங்கூரில் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. விஷம் என்று ஜனங்கள் தொட அஞ்சினார்களாம். சமைக்கும் முறையையும் சேர்த்தே ராஜா சொல்லிக்கொடுத்தார் என்பார்கள். பக்கத்துச் செங்கோட்டை ஒரு காலத்தில் அந்தச் சமஸ்தானத்து மண்தானே! 1942-ல் பர்மா அரிசி நின்றபோது அங்கே ஏழைகளின் உயிரைக் காத்தது இந்தக் கிழங்கு. இதுவே கைமுறை தவறினால் என்ன ஆகும்? 1981-ல் மொசாம்பிக் நாட்டின் வடக்கே பஞ்சம் வந்தது. கசப்பு மரவள்ளியை வாரக்கணக்கில் காயவைக்கப் பொறுமையில்லாத பசி. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்குக் கால்கள் விறைத்துப்போயின. பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். கந்தகச் சத்துள்ள புரதம் உடம்பில் இருந்தால் சயனைடை முறிக்கும். அவர்களுக்கு அதுவும் இல்லை. மலையாளத்துக்காரர்கள் கிழங்கோடு மீன் கறியைச் சேர்த்தது வெறும் நாக்கு ருசிக்காகத்தானா?

செங்கோட்டை என்றதும் நினைவுக்கு வருகிறது: சேங்கொட்டை வேறு! அந்தக் கொட்டையின் பால் பட்டால் தோல் கொப்புளித்துவிடும். சலவைத் தொழிலாளர்கள் துணியில் அழியாத குறி போட்டது அதனால்தான். மாம்பால் உதட்டைச் சுடுகிறதே, மாமரமும் அதே குடும்பம். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி நடக்கிறது. 'சுத்தி' செய்யாத சேங்கொட்டையைச் சித்த வைத்தியர்கள் மருந்தில் சேர்ப்பதில்லை.

மாலையில் குற்றாலம் திரும்பி, மூலிகைக் கடை வரிசையில் நடந்தேன். கிழக்கிந்தியக் கம்பெனியார் ஜாதிக்காய்த் தோட்டம் போட்ட மலையடிவாரம் இது. ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு, வசம்பு: நம் பாட்டிமார்களின் உரைமருந்துப் பெட்டி முழுவதும் கடைப்பலகையில் இருக்கிறது. பக்கத்திலேயே அத்தனையும் பொடியாக, பாக்கெட்டில்.

என் மனம் இங்கேதான் கனத்தது. ஜாதிக்காய்ப் பொடி ஓரிரு கரண்டி போனால் பெரியவர்களுக்கே நெஞ்சு படபடத்துப் பிதற்றல் வரும். வசம்பில் பீட்டா அசரோன் என்று ஒன்று. வசம்பு எண்ணெய் கொடுத்த எலிகளுக்குக் குடலில் கட்டி வந்ததால் 1968-ல் அமெரிக்கா அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. அமெரிக்க மண்ணிலே விளையும் வசம்பில் அது கிடையாது. நம் நாட்டு வசம்பில்தான் ஏராளம்! பாட்டி வசம்பை விளக்கில் சுட்டாள். கல்லில் ஓரிரு இழைப்புத்தான் இழைத்தாள். கல்லே தராசு. பாக்கெட்டில் கல் ஏது? ஒரு சிட்டிகை என்பது யார் விரலால் என்று யார் சொல்வது? ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. சகோதரிகளே, இந்த விஷயத்தில் நான் டாக்டர் கட்சி.

இருட்டிவிட்டது. விளக்கு வைத்தபின் வசம்பைப் பெயர் சொல்லிக் கேட்கக்கூடாதே! "பிள்ளை வளர்ப்பான் இருக்கிறதா?" என்றேன்.

கடைக்காரர் விலை சொல்லவில்லை. "பிள்ளைக்கு எத்தனை மாசம்மா?" என்றார்.

"பிள்ளைக்கு இல்லை, அண்ணாச்சி. புத்தக அலமாரிக்கு. பூச்சி அரிக்கிறது."

"அப்படிச் சொல்லுங்க!" என்று சிரித்து, இரண்டு துண்டு கூடவே போட்டுக் கட்டினார்.