பந்தைக் கொண்டு வருகிறவன்

நண்பர்களே! கூடைப்பந்து என்றதும் உங்கள் மனதில் யார் வந்து நிற்கிறார்கள்? பனைமரம் மாதிரி ஏழடி உயரத்தில் ஒருவர், கையைத் தூக்கினாலே வளையத்துக்குப் பக்கத்தில் போய்விடுகிற ஒருவர். சரிதானே? வளையம் இருப்பதோ தரையிலிருந்து 10 அடி உயரத்தில். உயரமானவனுக்குப் பாதி வேலையை அவன் அப்பா அம்மாவே முடித்துக் கொடுத்துவிடுகிறார்கள்!

ஆனால் ஒரு நிமிடம் யோசியுங்கள். அந்தப் பனைமரத்தின் கையில் பந்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது யார்? எதிரணி கூடை போட்டுவிட்டது. பந்து நம் கோடியில் கிடக்கிறது. நாம் போட வேண்டிய கூடை அந்தக் கோடியில். நடுவில் ஐந்து பேர் கையை விரித்துக்கொண்டு நிற்கிறார்கள். 8 விநாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்டியாக வேண்டும். பந்தைத் தட்டிக்கொண்டே ஒருவனை ஏமாற்றி, இன்னொருவனை ஒதுக்கி, கோட்டைத் தாண்டி, சரியான ஆளிடம் சரியான நேரத்தில் சேர்க்கிறவன்தான் கார்டு. பெரும்பாலும் அணியிலேயே குள்ளமானவன் அவன்தான்.

அடியேனும் ஒரு கார்டுதான். உயரம் 5 அடி 5 அங்குலம். எலெக்ட்ரிகல், இரண்டாம் ஆண்டு. மாலை ஐந்து மணிக்கு நம் கோர்ட்டில் தூசி கிளப்புகிற கூட்டத்தில் என்னையும் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவின் என்.பி.ஏ. ஆட்டங்களைப் பழையது புதியது என்று பாராமல் ஒரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஹாஸ்டலில் எல்லாரும் தூங்கியபிறகு போன் வெளிச்சத்தில் நடக்கும் படிப்பு இது! அதில் எனக்குப் புரிந்த ஒரு விஷயத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

24 விநாடி வந்த கதை

1891 டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர் இந்த விளையாட்டை உருவாக்கினார். மொத்தம் 13 விதிகள். பந்தோடு ஓடக்கூடாது; பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும். தட்டிக்கொண்டு ஓடுவது பின்னால் வந்ததுதான். அதாவது, கார்டு என்கிற கலைஞன் விதிப்புத்தகத்தில் பிறக்கவில்லை. ஆடி ஆடித்தான் பிறந்தான்.

1950 நவம்பர் 22 அன்று நடந்த ஓர் ஆட்டத்தின் முடிவைக் கேளுங்கள்: 19-18! மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணியில் ஜார்ஜ் மைக்கன் என்ற 6 அடி 10 அங்குலக்காரர் இருந்தார். அவர் கைக்குப் பந்து போனால்தானே ஆபத்து? ஃபோர்ட் வேய்ன் அணியினர் பந்தைத் தங்களிடமே வைத்துக்கொண்டு நேரத்தை ஓட்டிவிட்டார்கள். ஜெயித்தும்விட்டார்கள். பார்க்க வந்தவன் கொட்டாவி விட்டான்.

இதற்கு மருந்து கண்டுபிடித்தவர் சிராக்யூஸ் அணியின் உரிமையாளர் டேனி பயசோன். கணக்கு ரொம்ப எளிது. ஆட்டம் 48 நிமிடம், அதாவது 2880 விநாடி. நல்ல ஆட்டம் ஒன்றில் இரு அணியும் சேர்ந்து சுமார் 120 முறை கூடைக்கு எறிகின்றன. வகுத்துப் பாருங்கள்: 24. பந்து கைக்கு வந்த 24 விநாடிக்குள் எறிந்தே தீர வேண்டும் என்ற விதி 1954-இல் வந்தது. அன்று முதல் ஆட்டத்துக்கு வேகம் வந்தது. வேகம் வந்ததும் கார்டுக்கு மரியாதை வந்தது.

அந்த மரியாதையின் முதல் முகம் பாஸ்டன் செல்டிக்ஸின் பாப் கூசி. உயரம் 6 அடி 1 அங்குலம். பிரான்ஸிலிருந்து பிழைக்க வந்த ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. வீட்டில் பிரெஞ்சு மொழிதான். சிறுவயதில் மரத்திலிருந்து விழுந்து வலது கை முறிந்தது. வேறொருவனாக இருந்தால் வீட்டில் படுத்திருப்பான். இவர் இடது கையால் ஆடப் பழகினார். கை சரியானபோது அவரிடம் இரண்டு கைகள் இருந்தன! முதுகுக்குப் பின்னால் பந்தைத் தட்டுவது, ஒரு பக்கம் பார்த்துக்கொண்டே மறுபக்கம் பாஸ் கொடுப்பது என்று இன்று நாம் சாதாரணமாகச் செய்து பார்க்கிற வித்தைகளையெல்லாம் பெரிய மேடையில் ஏற்றியவர் அவரே. தொடர்ந்து 8 பருவங்கள் அசிஸ்ட்டில் முதலிடம். 6 முறை கோப்பை.

இது மாணவர் சங்க மலர் என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் ஆட்டக்காரர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது, குறைந்தபட்சச் சம்பளம் என்ற பேச்சே கிடையாது. 1954-இல் ஆட்டக்காரர்களை ஒன்று சேர்த்துச் சங்கம் ஆரம்பித்தவரும் இதே கூசிதான்!

டென்னிஸ் பந்தும் கந்தல் துணியும்

1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணியில் இரண்டு கார்டுகள் இருந்தார்கள். ஆஸ்கர் ராபர்ட்சன், ஜெர்ரி வெஸ்ட். அதே ஆண்டு இருவரும் என்.பி.ஏ.வுக்கு வந்தார்கள்.

ஆஸ்கர் இண்டியானாபொலிஸ் நகரின் ஏழைக் கறுப்பின மக்கள் குடியிருப்பில் வளர்ந்தவர். பந்து வாங்கக் காசு இல்லை. டென்னிஸ் பந்தையும் கந்தலையும் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, பழக்கூடையில் எறிந்து பழகினார். அவர் வளர்ந்தது 6 அடி 5 அங்குலம். அதுவரை கார்டு என்றால் பாஸ் கொடுப்பவன். இவர் வந்து, "ஏன், ரீபவுண்டும் நானே எடுப்பேன், புள்ளியும் நானே போடுவேன்" என்பது போல ஆடினார். 1961-62 பருவத்தில் இவருடைய சராசரி 30.8 புள்ளி, 12.5 ரீபவுண்டு, 11.4 அசிஸ்ட். ஒரு நாள் அல்ல, ஒரு பருவம் முழுக்க! அதை இன்னொருவர் திரும்பச் செய்ய 55 வருடம் ஆனது. 2016-17-இல் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்.

ஜெர்ரி வெஸ்ட் மேற்கு வர்ஜினியாக்காரர். அவர் அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் எலெக்ட்ரீஷியன். (எலெக்ட்ரிகல் நண்பர்கள் கைதட்டலாம்!) ஒன்பது முறை இறுதிப் போட்டிக்குப் போய் ஒரே ஒரு முறை, 1972-இல், ஜெயித்தார். 1969-இல் அணி தோற்றும், இறுதிப் போட்டியின் சிறந்த வீரர் விருது அவருக்கே கிடைத்தது. தோற்ற அணியிலிருந்து அந்த விருதைப் பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். என்.பி.ஏ. சின்னத்தில் பந்தைத் தட்டிக்கொண்டு போகிற வெள்ளை உருவம் அவருடைய படத்தைப் பார்த்து வரைந்ததுதான்.

ஆஸ்கரின் புள்ளிவிவரத்தைவிட என்னை அதிகம் தொட்டது வேறொன்று. ஓர் அணி ஒருமுறை எடுத்துவிட்டால் ஆட்டக்காரன் தன் விருப்பப்படி வேறு அணிக்குப் போக முடியாது என்ற நிலை அப்போது இருந்தது. சங்கத் தலைவராக இருந்த ஆஸ்கர், 1970-இல் அதை எதிர்த்து வழக்குப் போட்டார். 1976-இல் சமரசம் வந்து ஆட்டக்காரர்களுக்கு வழி திறந்தது. ஆனால் அவர் 1974-லேயே ஓய்வு பெற்றுவிட்டார். தனக்கு ஒரு பைசா பிரயோஜனம் இல்லை! பின்னால் வந்தவர்கள் அனுபவித்தார்கள். இதுவும் ஒரு அசிஸ்ட்தானே?

உயரமும் குள்ளமும்

1970-களில் 6 அடி 1 அங்குல நேட் ஆர்ச்சிபால்டு ஒரே பருவத்தில் (1972-73) புள்ளியிலும் முதலிடம், அசிஸ்ட்டிலும் முதலிடம். 1979-இல் மேஜிக் ஜான்சன் வந்தார். 6 அடி 9 அங்குலம்! இவ்வளவு உயரமானவன் பந்தைத் தட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்டவர்களுக்கு 1980 இறுதிப் போட்டியில் பதில் கிடைத்தது. அணியின் பெரிய தூணான கரீம் அப்துல் ஜப்பார் கணுக்கால் அடிபட்டு ஊரிலேயே தங்கிவிட, 20 வயது மேஜிக் ஆறாவது ஆட்டத்தை அவருடைய சென்டர் இடத்தில் நின்று தொடங்கினார். 42 புள்ளி, 15 ரீபவுண்டு, 7 அசிஸ்ட். கோப்பை லேக்கர்ஸுக்கு!

அதே பத்தாண்டில் டெட்ராய்ட்டில் ஐசையா தாமஸ். சிகாகோவின் வறுமையில் ஒன்பது பிள்ளைகளில் கடைசி. 1988 இறுதிப் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் கணுக்கால் சுளுக்கோடு நொண்டிக்கொண்டே ஒரே கால்பகுதியில் 25 புள்ளி போட்டார். அந்த ஆட்டத்தில் அணி ஒரே புள்ளியில் தோற்றது. ஆனால் 1989, 1990 இரண்டு கோப்பையும் அவர்களுக்கே. மைக்கேல் ஜோர்டான் பற்றி நான் சொல்லவும் வேண்டுமோ? 6 கோப்பை, 10 முறை அதிகப் புள்ளி. 1987-88-இல் அதிகப் புள்ளி எடுத்தவரும் அவரே, சிறந்த தடுப்பாட்டக்காரரும் அவரே!

ஜோர்டானிடம் 1997, 1998 இரண்டு இறுதியிலும் தோற்ற யூட்டா அணியில் ஜான் ஸ்டாக்டன் என்ற அமைதியான மனிதர் இருந்தார். 19 பருவங்கள். மொத்தம் 15,806 அசிஸ்ட். ஒரு கோப்பைகூட இல்லை. ஆனால் அந்த எண்ணை இன்னும் யாரும் நெருங்கவில்லை.

இனி என் தலைவர்! மக்ஸி போக்ஸ். உயரம் 5 அடி 3 அங்குலம். ஆமாம், நான் அவரைவிட 2 அங்குலம் உயரம்! என்.பி.ஏ. வரலாற்றிலேயே குள்ளமானவர். 1987 முதல் 2001 வரை ஆடினார். முதல் வருடம் அவரோடு அதே அணியில் ஆடியவர் 7 அடி 7 அங்குல மனூட் போல். இருவரும் சேர்ந்து நிற்கிற படத்தை நம் பி.டி. சாரிடம் காட்டினேன். சார் சிரித்துவிட்டு, "அவன் பந்தைக் கீழேயே வெச்சுக்கிட்டான்டா. கீழே இருக்கற பந்தை உயரமானவன் குனிஞ்சுதானே எடுக்கணும்?" என்றார். எனக்கு அது ஒரு பாடம். நம்மிடம் இல்லாததை நினைத்து அழுவதைவிட, இருப்பதை வைத்து ஆட்டத்தை நம் உயரத்துக்கு இறக்கிவிடலாம்.

கோட்டுக்கு அப்பால்

மூன்று புள்ளிக் கோடு என்.பி.ஏ.வுக்கு வந்தது 1979-இல். அந்தப் பருவத்தில் ஓர் அணி ஓர் ஆட்டத்துக்கு சராசரியாக 2.8 முறைதான் அங்கிருந்து எறிந்தது. வேடிக்கைப் பொருள் மாதிரி வைத்திருந்தார்கள். 2004-இல் தடுப்பவன் வெளிவட்டத்தில் கையால் பிடித்து நிறுத்துவதைக் கண்டிப்பாகத் தடை செய்தார்கள். வேகமான கார்டுகளுக்குச் சிறகு முளைத்தது. கனடாவின் ஸ்டீவ் நாஷ் 2005, 2006 இரண்டு ஆண்டும் சிறந்த வீரர்.

பிறகு வந்தவர் ஸ்டெஃபன் கர்ரி. ஒல்லிப் பையன் என்று பெரிய கல்லூரிகள் எடுக்கவில்லை. டேவிட்சன் என்ற சின்னக் கல்லூரி எடுத்தது. கணுக்காலில் அறுவை சிகிச்சைகள் வேறு. 2015-16-இல் ஒரே பருவத்தில் 402 மூன்று புள்ளிகள்! அதற்கு முன் 300-ஐக்கூட யாரும் தொட்டதில்லை. 2025 மார்ச்சில் மொத்தம் 4,000-ஐத் தாண்டினார். கூடைக்குப் பக்கத்தில் பனைமரங்கள் காவல் நிற்கட்டும், நான் தூரத்திலிருந்தே போட்டுக்கொள்கிறேன் என்ற கணக்கு. விளைவு? 2024-25 பருவத்தில் ஓர் அணி ஓர் ஆட்டத்துக்கு 37 முறைக்கு மேல் அங்கிருந்து எறிந்தது. ஏழடிக்காரர்களும் இப்போது வெளியே வந்து எறிகிறார்கள். குள்ளமானவன் உயரமானவனைத் தன் இடத்துக்கு வரவழைத்துவிட்டான்!

இனி நம் கதை

கூசியிலிருந்து கர்ரி வரை எல்லாம் மாறியிருக்கிறது. மாறாதது ஒன்றுதான். பந்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கொண்டுவருகிற பொறுப்பு. ஸ்கோர் போர்டில் பேர் வந்தாலும் வராவிட்டாலும்.

என் அப்பா மண்டியில் மூட்டை தூக்குகிறார். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியது நான்தான் முதல் ஆள். முதல் வருடம் முடிந்த லீவில் மாமா வந்து, "எதுக்குடா இன்னும் ரெண்டு வருஷம்? மில்லுல ஆள் எடுக்கறாங்க, இப்பவே போனா உங்கப்பன் முதுகு நிமிரும்" என்றார். தப்பாகச் சொல்லவில்லை. அப்பா முதுகை நானும் பார்க்கிறேன். அன்று ராத்திரி அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "நீ பாதியில வந்துட்டா, பாப்பாவை எவன்டா படிக்க அனுப்புவான்?"

பாப்பா என்றால் என் தங்கை. ஒன்பதாவது படிக்கிறாள். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. நான் இந்த டிப்ளமோவை முடித்தால், "அண்ணன் படிச்சான், வேலைக்குப் போனான், இவளும் படிக்கட்டும்" என்று வீட்டில் ஒரு வழி இருக்கும். நான் விட்டால் அந்த வழி அடைபடும். எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் பந்து கொண்டுவந்தவர் யாரும் இல்லை. பார்த்துக் காப்பியடிக்க ஆள் இல்லை. ஸ்காலர்ஷிப் படிவத்தை எங்கே கொடுப்பது என்று சொல்லிக்கொடுத்ததும், தன் டிராஃப்டரை "வெச்சுக்கடா தம்பி" என்று கொடுத்துவிட்டுப் போனதும் மூன்றாம் ஆண்டு அண்ணன் ஒருவர். அவர் பேர் என் மார்க் ஷீட்டில் வராது. அப்பா பேர் வரும், ஆனால் அவர் தூக்கின மூட்டைக் கணக்கு வராது.

இந்த மலரைப் படிக்கிற உங்களில் பல பேர் வீட்டிலும் நிலைமை இதுதான் என்று எனக்குத் தெரியும். நாம் எல்லாருமே கார்டுதான், நண்பர்களே! உயரம் குறைவு, எதிரில் நிற்கிறவன் பெரியவன், விநாடிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதனால் என்ன? பந்தைக் கீழே வைத்துத் தட்டுவோம். தலையை மட்டும் நிமிர்த்தி வைத்திருப்போம். பாஸுக்கு யார் காத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமே!

எனக்கு அந்தக் கோடியில் பாப்பா நிற்கிறாள். இன்னும் மூன்று செமஸ்டர். நடுக்கோடு பக்கத்தில்தான் இருக்கிறது.