இரண்டு மாத முற்பணம்

பல்கலைக்கழக வாழ்விலே அறை தேடி அலையாத மாணவர் மிகச் சிலரே எனலாம். விடுதியில் இடங்கிடையாதபோது ஊருக்குள் இறங்கி, ஒருவர் சொல்ல மற்றொருவர் கேட்டு, யாரோ ஒருவருடைய வீட்டின் பின்புறத்து அறையைப் பிடித்து, முற்பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுப் பாயை விரிக்கும் நாள் எளிதில் மறப்பதன்று. அவ்வேளையில் பற்றுச்சீட்டுக் கேட்போர் அரியர். கேட்பது வீட்டுக்காரர்மீது நம்பிக்கையின்மையைக் காட்டுவதாகும். தம்மை நம்பாத ஒருவனுக்கு அறை கொடுக்க எவருக்குத்தான் மனம் வரும்? கடல் கடந்து சென்ற பின்னரும் இவ்வழக்கம் நம்மவரிடையே மாறவில்லை என்பதற்கு, பேராதனையிற் பட்டம் பெற்று, கலாநிதிப் பட்ட ஆய்வுக்காக 2015ஆம் ஆண்டு செப்டெம்பரில் இலண்டன் சென்ற ஓர் இளைஞனின் அனுபவம் சான்றாகும்.

இலண்டனின் கிழக்கேயுள்ள ஈஸ்ற்ஹாம் நம்மவருக்கு அந்நியமான இடமன்று. அதன் பெருந்தெருவிலே முருங்கைக்காயும் வாங்கலாம், தாலிக்கொடியும் வாங்கலாம். அவனுக்கு அறை கிடைத்ததும் அங்கேதான். வீட்டுக்காரர் அவனுடைய ஊரவர். எண்பதுகளில் நாட்டைவிட்டுச் சென்று, இரவு பகலாக உழைத்து, இரண்டு வீடுகளுக்கு உரிமையாளராகி, தாம் ஹரோவில் வசித்துவந்தவர். விமான நிலையத்துக்கு வந்து அவனை ஏற்றிச் சென்றவரும், முதல்நாள் இரவு தம் வீட்டிலே சோறு போட்டவரும் அவரே. இதனை மறைத்துவிட்டு மிகுதியைச் சொல்வது நீதியாகாது. மேல்மாடி அறைக்கு மாத வாடகை 550 பவுண். முற்பணம் இரண்டு மாத வாடகை, அதாவது 1100 பவுண். அன்றைய நாணயமாற்று விகிதப்படி இரண்டேகால் இலட்சம் ரூபாவைத் தாண்டிய இத்தொகை, தாயாரின் காப்புகள் அடகுக்குப் போனதால் வந்தது. ஒப்பந்தம் எதுவும் எழுதப்படவில்லை. “எங்கட ஊர்ப் பெடியனிட்டைக் கையெழுத்து வாங்கிறதோ?” என்று சொல்லி அவர் சிரித்தார். அன்று மாலை அவனுடைய தொலைபேசிக்கு ஒரு செய்தி வந்தது: “காசு கிடைச்சது தம்பி. நல்லாப் படி.” இந்த ஐந்து சொற்களைத் தவிர வேறு பற்றுச்சீட்டு அவனிடம் இருக்கவில்லை.

மூன்றாண்டுகள் கழிந்தன. 2018 ஓகஸ்ட் இறுதியில், பல்கலைக்கழகத்துக்கு அண்மையில் ஓரிடங் கிடைக்கவே, அவன் அறையைக் காலிசெய்து திறப்பைக் கையளித்தான். அடுத்த கிழமை பணத்தைப் போட்டுவிடுவதாக வீட்டுக்காரர் கூறினார். ஐந்து கிழமைகள் சென்றபின் வந்தது பணமன்று, ஒரு பட்டியல். “முற்பணத்தில் கழிப்பவை” என்ற தலைப்பின் கீழ், சுவருக்குப் பூச்சு 450, தரைவிரிப்பு 400, துப்புரவு 250 என்றிருந்தது. கூட்டிப் பார்த்தால் 1100. கணக்குப் பாடத்தில்கூட விடை இத்துணை ஒழுங்காக வருவது அபூர்வம். மஞ்சட் கறையும் கறி வாசமும் அறையைவிட்டுப் போகவில்லையாம். யாழ்ப்பாணத்தான் ஒருவனுக்கு அறை கொடுத்தவர் வேறெந்த வாசத்தை எதிர்பார்த்தாரோ தெரியவில்லை.

நமது தேசவழமையிலே ஒற்றி என்றொரு முறையுண்டு. பணங் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியின் பயனை அனுபவிப்பார். பணம் திரும்பும்போது காணியும் திரும்பும். 1707ஆம் ஆண்டளவில் ஒல்லாந்தரால் தொகுக்கப்பெற்ற அவ்வழமையில், கடன் கொடுத்தவர் பணம் வரும்வரை காணியை விடவேண்டியதில்லை. வாடகை முற்பணத்தின் இயல்போ இதற்கு நேர்மாறானது. குடியிருந்தவர் திறப்பைக் கொடுத்த கணமே அவர் கை வெறுங்கையாகிவிடுகிறது; அதன்பின் எல்லாம் வீட்டுக்காரரின் மனப்பாங்கைப் பொறுத்தது. இங்கிலாந்தின் சட்டம் கைவைத்தது இவ்விடத்திலேதான். 2004ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டத்தின் பயனாக, 2007 ஏப்பிரல் 6ஆம் திகதி தொடக்கம், முற்பணத்தை வீட்டுக்காரர் அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டமொன்றிற் பதிந்து, அவ்விவரத்தைக் குடியிருப்பவருக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும். முதலில் 14 நாளாக இருந்த இதற்கான கால எல்லை 2012இல் 30 நாளாக்கப்பட்டது. தவறினால், முற்பணத்துக்கு மேலதிகமாக, அதன் ஒரு மடங்கு முதல் மூன்று மடங்கு வரையான தொகையைக் குடியிருப்பவருக்குக் கொடுக்குமாறு நீதிமன்றம் கட்டளையிடலாம்.

இவற்றையெல்லாம் அவன் அறிந்தது பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத்தின் ஆலோசனை நிலையத்திலேயாகும். அங்கிருந்த பெண்மணி முதலிற் கேட்ட கேள்வி, வீட்டுக்காரரும் அதே வீட்டில் வசித்தாரா என்பது. வசித்திருந்தால் இச்சட்டம் பொருந்தாது. அவர் ஹரோவில் வசித்தமை இவனுக்கு வாய்ப்பாயிற்று. எழுதப்படாத வாய்மொழி உடன்பாடும் சட்டத்தின் கண்ணில் உடன்பாடே என்பதும் அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. மூன்று திட்டங்களின் பதிவுகளையும் தேடிப் பார்த்தனர். அவனுடைய முற்பணம் எதிலும் இல்லை. பதிந்திருந்தால் அத்திட்டத்தின் கட்டணமற்ற பிணக்குத் தீர்வுச் சேவையே விடயத்தை முடித்திருக்கும். பதியாததால் நீதிமன்றம் ஒன்றே வழி.

வழி தெரிந்ததும் மனம் தயங்கியது. வீட்டுக்காரரின் தங்கை குடும்பம், ஊரிலே அவனுடைய தாயாரின் ஒழுங்கையிலே வசிப்பது. செய்தி எவ்வாறோ அங்கே எட்டிவிட்டது. “தம்பி, அதை விட்டிடு. அவையள் நாளைக்கும் எங்கட படலையாலைதான் போய்வருவினம்” என்றார் தாயார், தம் காப்புகளை மீட்க அவன் மூன்றாண்டாக மாதந்தோறும் பணம் அனுப்பியதை நன்கறிந்திருந்தும். நண்பர் சிலர் மூன்று மடங்கையும் கேள் என்று ஊக்கினர். அதற்குரிய நடைமுறை வேறு, படிவமும் வேறு. தோற்றால் மறுதரப்பின் சட்டச் செலவு தலையில் விழவுங்கூடும். ஆனால் அவன் அதனைத் தவிர்த்தமைக்குக் காரணம் இந்த அச்சம் மட்டுமன்று. விமான நிலையத்தில் தன் பெட்டியைத் தூக்கியவரிடம் தன் காசைக் கேட்கலாம், அவர் காசைக் கேட்கலாகாது என்று அவன் எண்ணினான். இவ்வெண்ணம் சட்டத்தறிவாற் பிறந்ததன்று. எனினும் அதிற் பிழை காண்பது கடினம். 14 நாள் அவகாசம் கொடுத்து மரியாதையாக ஒரு கடிதம் எழுதினான். பதில் இல்லை.

இங்கிலாந்தின் கவுன்ரி நீதிமன்றங்களிலே சிறு கோரிக்கைகளுக்கெனத் தனி நடைமுறை வகுக்கப்பட்டது 1973இலாகும். பழுதான குளிர்சாதனப் பெட்டிக்காக வழக்காடப் புகுந்தவர் அதன் விலையைப் போல் பன்மடங்கைச் சட்டத்தரணிக்குக் கொடுக்கவேண்டியிருந்த நிலையே அதற்குக் காரணம். இம்முறையிலே வென்றவரும் தம் சட்டத்தரணியின் கூலியைப் பொதுவாகத் தோற்றவரிடம் அறவிட முடியாது. ஆகவே சாதாரண மனிதர் தாமே தமக்காகப் பேசுவர். இதன் உச்ச வரம்பு 2013இல் 10,000 பவுணாக உயர்த்தப்பட்டது. அவன் 2018 நவம்பரில், கணினி வழியாக, 70 பவுண் கட்டணஞ் செலுத்தி வழக்கைப் பதிந்தான். ஆண்டுக்கு நூற்றுக்கு எட்டு வீதம் வட்டியுங் கேட்கலாம். 1100 பவுணுக்கு அது நாளொன்றுக்கு 24 பென்ஸ்.

பிரதிவாதியின் மறுமொழி வந்தபோது அவன் இரவெல்லாம் உறங்கவில்லை. ‘இவன் குடும்ப நண்பனாகத் தங்கியவன், இவனிடம் முற்பணம் எதுவும் பெறப்படவில்லை’ என்று அதில் எழுதப்பட்டிருந்தது. பணத்தை இழப்பது ஒன்று. கொடுக்கவேயில்லை எனக் கேட்பது மற்றொன்று. அதுவரை தாயின் சொல்லுக்காக விட்டுவிடலாமோ என்று அரைமனத்துடன் இருந்தவன், அதன்பின் அவ்வாறு எண்ணவில்லை. தொலைபேசி வழி இணக்கத்துக்கு இருவரும் உடன்பட்டனர். அக்காலத்தில் அது விரும்பினோர்க்கு மட்டும் உரியதாயிருந்தது. நம் நாட்டில் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இணக்க சபைகளிலே இருதரப்பாரும் நேருக்குநேர் அமர்ந்து, பழைய வேலிச் சண்டைகளையும் இழுத்துப் பேசி ஓய்வர். அங்கோ இணக்குநர் ஒருவர் இவனுக்கும் அவருக்கும் மாறிமாறித் தொலைபேசியிற் பேசினார். ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்கவில்லை. 400 பவுண் தருவதாகச் சொல்லப்பட்டது. முற்பணமே பெறாதவர் 400 பவுண் எதற்குத் தருகிறார் என்று அவன் கேட்டான். ஒரு மணித்தியாலம் முடிந்தது.

விளக்கம் 2019 யூலையில் நடைபெற்றது. அதற்கு வேறாக 115 பவுண் கட்டணம். கூண்டும் மேலங்கியும் உள்ள மண்டபத்தை எதிர்பார்த்துச் சென்றவன் கண்டது, நீண்ட மேசையொன்றுடன் கூடிய சிறிய அறை. மேசையின் தலைமாட்டில் சாதாரண உடையில் நீதிபதி, ஒருபுறம் அவன், மறுபுறம் கழுத்துப்பட்டி அணிந்த வீட்டுக்காரரும் அவருடைய மகனும். வெளியே தாழ்வாரத்திற் கண்டபோது, “சாப்பிட்டியோ தம்பி?” என்று அவர் கேட்டிருந்தார். பழக்கத்தின் வலிமை அத்தகையது. அவனும் “ஓமண்ணை” என்றிருந்தான்.

நீதிபதி முதலில் எடுத்தது அந்த ஐந்து சொற்களை. ஆங்கில எழுத்திலே எழுதப்பட்ட தமிழ்ச் செய்தியையும் அதன் மொழிபெயர்ப்பையும் பார்த்தபின், கழிப்புப் பட்டியலை எடுத்தார். முற்பணம் பெறவில்லையெனில் இவற்றை எதிலிருந்து கழித்தீர்கள் என்று கேட்டார். மகன் தந்தையைப் பார்த்தான். தந்தை மேசையைப் பார்த்தார். அதன்பின் பேச்சு தரைவிரிப்புக்குச் சென்றது. கழிப்பதற்குக் காரணம் உண்டென நிறுவவேண்டியது வீட்டுக்காரரின் பொறுப்பு. நியாயமான பாவனையாலும் காலத்தாலும் ஏற்படும் தேய்மானத்துக்குக் குடியிருப்பவர் பொறுப்பல்லர். பழையதற்குப் பதிலாகப் புதியதைக் கேட்கவும் முடியாது. விரிப்பு எந்த ஆண்டு வாங்கப்பட்டது என்ற கேள்விக்கு விடையுமில்லை, பற்றுச்சீட்டுமில்லை. பற்றுச்சீட்டில்லாத நம்பிக்கை இருபுறமும் வெட்டும் போலும்.

அவனிடமோ ஒரு படம் இருந்தது. வந்திறங்கிய மறுநாள் அறையைத் தாயாருக்குக் காட்டவென எடுத்து அனுப்பியது. அதன் கீழே தாயார் எழுதிய பதிலும் திகதியுடன் இருந்தது: “யன்னலுக்குக் கீழை என்ன கறுப்பாக் கிடக்கு? கூட்டித் துடைச்சுப்போட்டுப் படு.” வழக்கு வேண்டாமென்று தடுத்த அத்தாயின் வார்த்தையே, அக்கறை அவனுக்கு முந்தியது என்பதற்குச் சாட்சியாயிற்று. நீதிபதி அதனை இருமுறை வாசித்தார். துப்புரவைப் பற்றிக் கேட்டபோது, கட்டிலின் கீழே இரண்டு பழம் பெட்டிகளை விட்டுச்சென்றதை அவன் ஒப்புக்கொண்டான். அவற்றை அகற்றிய செலவாக 40 பவுண் கழிக்கப்பட்டது. எஞ்சிய 1060 பவுணும், வட்டியும், கட்டணம் 185 பவுணும் 14 நாளுக்குள் செலுத்தப்படவேண்டும் என்பது தீர்ப்பு. எல்லாம் முக்கால் மணித்தியாலம்.

தீர்ப்பு வேறு, பணம் வேறு. நீதிமன்றம் தானாகச் சென்று பணம் அறவிடுவதில்லை. அதற்கும் விண்ணப்பமும் கட்டணமும் வேண்டும். 14 நாளும் கடந்தன. ஆனால் செலுத்தப்படாத தீர்ப்பு ஒரு பொதுப் பதிவேட்டில் ஆறாண்டு நிற்கும். வங்கிகள் கடன் கொடுக்குமுன் அதனைப் பார்க்கும். ஒரு மாதத்துள் முழுதும் செலுத்தினால் பெயர் நீக்கப்படும். ஈட்டுக் கடனில் இரண்டு வீடுகளை வைத்திருப்பவருக்கு இதன் பொருளை எவரும் விளக்கவேண்டியதில்லை. இருபத்தேழாம் நாள் பணம் முழுதும் அவனுடைய கணக்கில் விழுந்தது. வங்கிக் குறிப்பிலே ‘அட்வான்ஸ்’ என்று எழுதியிருந்தது. “காசு கிடைச்சது அண்ணை” என்று அவன் செய்தி அனுப்பினான். பதில் வரவில்லை.

அடுத்து வந்த கோயில் திருவிழாவிலே, அன்னதான மடத்தில், அவனுடைய தாயாரும் வீட்டுக்காரரின் தங்கையும் ஒரே பாயிலிருந்து பூசணிக்காய் வெட்டினர். வழமையாகக் கதைத்துக் கதைத்து வெட்டுபவர்கள். அன்று மரக்கறி விரைவாக வெட்டி முடிந்துவிட்டதாம்.